ஃபெபி, பெபி, பேபி ஆகிய மூவரையும் திருப்பி அனுப்பக் கோருவது தொடர்பாக

வெள்ளக்கடை, ஏற்காடு.
2025 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை, காலை 6 மணி 40 நிமிடம்.
ஃபெபி கிளம்பி இன்றோடு இருபத்திரண்டு நாள். மீதி எட்டு.

இலங்கையில், பண்டாரவளைக்கு மேலே, தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் வசிக்கும் என் மதிப்புக்குரிய அத்தை சின்னத்தாயி அம்மாள் அவர்களுக்கு, உங்கள் மருமகன் கிங்ஸ்டன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் அப்பாவும் மாதா புண்ணியத்தில் நலம். அங்கு நீங்களும், உங்கள் வலது கை மணிக்கட்டும், அதன்மேல் போட்டிருக்கும் மாவுக்கட்டும் நலமா என்று அறிய ஆவல். நலம் என்று எழுதியது மரியாதைக்கு. அப்பா உண்மையாகவே நலம். என்னைப் பற்றிக் கீழே வரும்.

இதை ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்றால், உங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஃபோன், அது இப்போது உங்கள் மகள் ஃபெபி கையில். நான் ஒரு வார்த்தை அனுப்பினாலும் அவள்தான் உங்களுக்குப் படித்துக் காட்டுவாள்; படிக்கும்போது எனக்குச் சாதகமான வரிகளை எல்லாம் தாண்டிவிடுவாள். நீங்கள் ஜெபப் புத்தகத்தைக் கண்ணாடி போடாமல் வாசிப்பீர்கள் என்று அவளே பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். ஆகவே தனியாக உட்கார்ந்து வாசிக்கவும். என்ன அது என்று அவள் கேட்டால், கோவில் திருவிழா நோட்டீஸ் என்று சொல்லிவிடவும். அத்தையைப் பொய் சொல்லச் சொல்கிறானே என்று நினைக்க வேண்டாம். என் நிலைமை அப்படி.

விஷயத்துக்கு வருகிறேன், எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது, மோட்டார் வேலை செய்கிறவன். இந்தியாக்காரனைக் கட்டிக்கொண்ட வெளிநாட்டுப் பெண் இந்தியக் குடிமகளாகப் பதிந்துகொள்ள வேண்டுமென்றால் ஏழு வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும். அதில் கடைசிப் பன்னிரண்டு மாதம் நடுவில் அறுந்து போகாமல் இருக்க வேண்டும், அதாவது கம்பிச் சுருள் மாதிரி, நடுவில் ஓர் இடத்தில் அறுந்தாலும் மொத்தமும் வீண். ஃபெபி 2018 நவம்பர் 3-ஆம் தேதி ஏற்காட்டுக்கு வந்தாள். வருகிற நவம்பர் 3-ஆம் தேதி ஏழு வருடம் முடிகிறது. நான் கம்ப்யூட்டரில் ஒரு அட்டவணை போட்டு ஒவ்வொரு நாளையும் பச்சை நிறத்தில் அடைத்துக்கொண்டே வந்தேன். அட்டவணை முழுக்கப் பச்சையாக இருந்தது, தேயிலைத் தோட்டம் மாதிரி. அந்த நேரத்தில்தான் நீங்கள் வாசற்படியில் வழுக்கி விழுந்தீர்கள். நீங்கள் வேண்டுமென்று விழவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பதினோராவது மாதத்தில் விழுந்தீர்கள். அரசாங்கம் மனது வைத்தால் விசேஷ காரணத்துக்காக முப்பது நாள் வரை வெளியே போனதை மன்னிக்கலாம் என்று சட்டத்தில் இடம் இருக்கிறது. முப்பதாவது நாள் அக்டோபர் 22, புதன்கிழமை. முப்பத்தொன்றாவது நாள் ஆனால் பன்னிரண்டு மாதமும் மறுபடி முதலிலிருந்து. இதை ஃபெபியிடம் தினமும் சொல்கிறேன். "எப்போ டிக்கெட் போடட்டும்?" என்று கேட்டால் "பாக்கலாம்" என்கிறாள். பாக்கலாம் என்பது ஒரு தேதி இல்லை அத்தை.

இந்த விண்ணப்பத்துக்காக நான் பட்ட பாட்டை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் பெயர். ஞானஸ்நானச் சான்றிதழில் அவள் பெபி. எங்கள் கல்யாணப் பதிவில் ஃபெபி. உங்கள் நாட்டுப் பாஸ்போர்ட்டில் பேபி. ஏன் என்று கேட்டதற்கு, பிறந்ததைப் பதியப் போன கங்காணி வாயில் வெற்றிலை இருந்தது, அவர் சொன்னது எழுதுகிறவர் காதில் பேபி என்று விழுந்துவிட்டது என்றாள். ஒருத்தர் வாயில் இருந்த வெற்றிலைக்கு முப்பது வருடம் கழித்து நான் ஏற்காட்டில் முத்திரைத்தாள் வாங்க வேண்டியிருக்கிறது. "ஃபெபி, பெபி, பேபி ஆகிய மூன்று பெயர்களும் ஒரே நபரையே குறிக்கும்" என்று பிரமாணப் பத்திரம் போட்டோம். நோட்டரி அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "மூணு பேரையும் வச்சுச் சமாளிக்கிறீங்களா?" என்றார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போது அது சரிதான் என்று படுகிறது. ஒரு ஆள் போனால் வீடு இவ்வளவு காலியாகாது. மூன்று பேர் போயிருக்கிறார்கள்.

அடுத்தது, விண்ணப்பதாரர் நல்ல நடத்தை உள்ளவர் என்று இரண்டு இந்தியக் குடிமக்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். செம்மநத்தத்தில் வெள்ளையன் என்று ஒருவர், அவருடைய தோட்டத்து பம்புசெட்டை மூன்று தடவை நான் சரி செய்திருக்கிறேன், ஃபெபியைக் கண்டால் தட்டைப்பயறு பறித்துக் கொடுக்காமல் விடமாட்டார். அவரிடம் பேப்பரை நீட்டினேன். எழுத்துக் கூட்டி வாசித்தார். "ஏனுங்க தம்பி, இந்தம்மா நொம்ப நல்ல பொம்பளைன்னு நான் கையெழுத்துப் போட்டுக் குடுக்கோணும், அப்படித்தானுங்களே?" என்றார். ஆமாம் என்றேன். "இருவது வருசமாக் கூட இருக்கறா எம்பொண்டாட்டி, அவளுக்கு நான் ஒருக்காக்கூட எழுதிக் குடுத்ததில்லீங்க. அடுத்தவன் பொண்டாட்டிக்கு எழுதிக் குடுத்தேன்னு தெரிஞ்சா எனக்கு ராத்திரி சோறு யாரு போடுவா?" என்றார். கடைசியில் அவர் மனைவியை அழைத்து, அவர் முன்னால் அதை உரக்க வாசித்து, அந்த அம்மாள் ஃபெபியைப் பற்றி இன்னும் இரண்டு வரி சேர்க்கச் சொல்லி, அதற்குப் பிறகுதான் கையெழுத்து ஆயிற்று. இதற்கு ஒரு நாள் முழுதும் போனது. ஃபெபி பக்கத்தில் நின்று, துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அட்டவணையில் கட்டம் எதுவும் போட்டு வைக்கவில்லை.

அப்புறம் வருடா வருடம் விசா புதுப்பிக்கச் சேலம் இறங்க வேண்டும். மலைப் பாதையில் கொண்டை ஊசி வளைவு இருபது. ஃபெபிக்குப் பதினோராவது வளைவில் குமட்டும். பத்தாவதில் வராது, பன்னிரண்டாவதில் நின்றுவிடும், அப்படி ஒரு கணக்கு அவளுக்கு. ஆகையால் சட்டைப்பையில் எலுமிச்சம்பழம் வைத்திருப்பேன், பதினோராவது வளைவுக்கு முன்னால் நகத்தால் கீறிக் கையில் கொடுப்பேன். ஏழு வருடத்தில் எத்தனை வளைவு, எத்தனை பழம் என்று என்னால் சொல்ல முடியும். இதெல்லாம் நவம்பரோடு தீரும் என்றுதான் நான் அவசரப்பட்டேன். அவளுக்காகத்தான் அவசரப்பட்டேன். இதை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

என்ன நடந்தது என்று ஃபெபி உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். நானே சொல்கிறேன். செப்டம்பர் 20, சனிக்கிழமை சாயந்திரம், விண்ணப்பத்தை முழுதும் நிரப்பி, அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்தேன். அவள் ரொட்டிக்கு மாவு பிசைந்த கையைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்து வாசித்தாள். குடியுரிமை கோருவதற்கான காரணம் என்று ஒரு கட்டம். அதில் நான் எழுதியிருந்தது: "ஆண்டுதோறும் விசா புதுப்பிக்கும் அலைச்சலைத் தவிர்க்க." நேர்மையான பதில்தானே? அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுதான் காரணமா?" என்றாள். "வேற என்ன?" என்றேன். பக்கத்தைத் திருப்பினாள். இந்தியக் குடியுரிமை கிடைத்தால் இலங்கைக் குடியுரிமையை விட்டுவிடுவேன் என்று உறுதி சொல்கிற இடம். "இதுல போட்டா, பொறவு அம்மாவப் பாக்கப் போகவும் நான் விசா எடுக்கணுமா?" என்றாள். அதற்கு நான், "அதெல்லாம் ஆன்லைன்ல எடுத்துக்கலாம், அஞ்சு நிமிஷ வேலை" என்றேன். உடனே எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு ரொட்டி எல்லாம் ஒரு பக்கம் கருகியிருந்தது. சாப்பிடும்போது ஒன்று மட்டும் சொன்னாள்: "ஏழு வருசமா என்ன மோட்டார் மாதிரி ரீவைண்டிங் பண்ணிக்கிட்டு இருக்கீங்க."

அத்தை, இந்த ஏழு வருடத்தில் அவள் ஒரு தடவைகூட உங்களைப் பார்க்க வரவில்லை. முதலில் கொரோனா. அப்புறம் உங்கள் நாட்டில் பெட்ரோலுக்கும் கேஸுக்கும் வரிசை. அப்புறம் என் அட்டவணை. அவள் தம்பி கல்யாணத்தைச் சமையல் மேடைமேல் ஃபோனைச் சாய்த்து வைத்து, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றே பார்த்தாள். நடுவில் சிக்னல் போனபோது, நான் கூரைமேல் ஏறி ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தேன். எத்தனை நாள் வெளியே போகிறோமோ அத்தனை நாள் தேதி தள்ளிப் போகும் என்று நான்தான் சொன்னேன். கணக்கு சரி. கணக்கில் தப்பே இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது நீங்கள் விழுந்த செய்தி வந்தது. திங்கட்கிழமை காலையில் கிளம்பிவிட்டாள். இது காபிப் பழம் பழுக்கப் போகிற சமயம், தோல் உரிக்கிற பல்ப்பர் மிஷினை எல்லா எஸ்டேட்டிலும் இப்போதுதான் கழற்றிப் போடுவார்கள். கொட்டச்சேடு எஸ்டேட்டில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டது போட்டபடி கிடந்தது. ஆகையால் நான் ஏற்காடு பஸ் ஸ்டாண்டு வரைதான் போனேன். திருச்சி விமான நிலையம் வரை அப்பாதான் கூடப் போனார். பஸ் கிளம்புகிறபோது ஜன்னல் வழியாக அவள் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். அந்த வார்த்தைதான் இப்போது சட்டப் பிரச்சினை ஆகியிருக்கிறது.

சொல்கிறேன். எங்கள் ஊர்க் கோவில் மண்டபத்தில் மாதா மாதம் இரண்டாவது சனிக்கிழமை இலவச சட்ட உதவி நடக்கிறது. வக்கீல் ஆன்மேரி. பத்தாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சு வரிசையில் படித்தவள், அப்போதும் நான் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. குடியுரிமை, சான்றிதழ், பட்டா என்று காகிதம் இல்லாமல் கஷ்டப்படுகிறவர்களுக்கு எல்லாம் எழுதிக் கொடுக்கிறாள். போன சனிக்கிழமை போய், முப்பது நாள் சலுகை கேட்டு மனு எழுதச் சொன்னேன். பேனாவைத் திறந்துகொண்டு கேட்டாள்.

"டேய், உம்பொண்டாட்டி கெளம்பறப்ப என்ன சொல்லிட்டுப் போனா?"

"போறேன்னு சொன்னா."

"போயிட்டு வர்றேன்னு சொல்லலையா?"

"ரெண்டும் ஒண்ணுதான?"

பேனாவை மூடி வைத்துவிட்டாள். "ஒண்ணா? உங்கப்பா பால் வாங்கப் போறப்ப போறேன்னு சொல்லிட்டா போறாரு? அப்படிச் சொன்னா நீ விட்டுருவியா? திரும்பி வர்ற எண்ணத்தோடதான் போனாங்கன்னு மனுவுல நான் எழுதோணும். நீ அதுக்குக் கீழ சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடோணும்."

"பஸ் சத்தத்துல சரியாக் கேக்கலன்னு எழுதிக்க."

"அத்தன மிஷின் சத்தத்துலயும் எந்த மோட்டார்ல பேரிங் போச்சுன்னு உனக்குக் கேக்கும். பொண்டாட்டி பேசுனது மட்டும் கேக்காதா?"

பிறகு கோப்பைப் புரட்டி, அந்தக் காரணக் கட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்ததோடு விடாமல் மண்டபம் முழுதும் கேட்கிற மாதிரி உரக்க வாசித்தாள். "ஆண்டுதோறும் விசா புதுப்பிக்கும் அலைச்சலைத் தவிர்க்க." வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இதெ அவ படிச்சாளா?"

"படிச்சா."

"கையெழுத்துப் போட்டாளா?"

"இல்ல."

"நானா இருந்தா இலங்கையோட நின்னிருக்க மாட்டேன். அதுக்கும் அந்தப் பக்கம் போயிருப்பேன்."

பட்டா விஷயமாக வந்து பெஞ்சில் காத்திருந்த சென்னம்மாள் என்ற அம்மாள், நான் யார் என்றே தெரியாதவர், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க தம்பி, அலைச்சலு அந்தப் புள்ளைக்குங்களா, உங்களுக்குங்களா?"

மனு எழுதாமலே திரும்பி வந்தேன். கூடவே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் கிளம்புகிறவர்கள் போயிட்டு வர்றேன் என்பார்கள். ஃபெபி உங்கள் பேச்சுப்படி வெறும் "வாரேன்" என்பாள். கல்யாணமான புதிதில் ஒரு நாள் கடைக்குக் கிளம்பும்போது, படியில் நின்று "வாரேன்" என்றாள். நான் கையில் டெஸ்டரோடு, "எங்க வர்ற? நான் இங்கதான நிக்கிறேன்" என்றேன். சிரித்துச் சிரித்துக் கடைக்கே போகவில்லை. ஏழு வருடமும் கோவிலுக்குப் போனாலும் குழாயடிக்குப் போனாலும் வாரேன்தான். பஸ் ஸ்டாண்டில் மட்டும்தான் போறேன். எனக்கு நன்றாகவே கேட்டது அத்தை. ஆன்மேரியிடம் ஒத்துக்கொள்ளவில்லை, உங்களிடம் ஒத்துக்கொள்கிறேன்.

இங்கே நிலவரம்: சாயந்திரம் நாலு மணிக்குப் பனி உள்ளே வருவதற்குள் மேற்கு ஜன்னலைச் சாத்த வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது என்பதே இப்போதுதான் தெரிகிறது. வேலை முடிந்து வந்தால் கட்டிலில் எல்லாம் ஈரம். அப்பா, அதுதான் உங்கள் சம்பந்தி பெரியநாயகம், தேங்காய் ரொட்டி சுடக் கற்றுக்கொள்கிறார். ஃபெபி வீடியோவில் வந்து, "மாமா, தண்ணி கொறைங்க, கொறைங்க" என்று சொல்லச் சொல்ல ஊற்றுகிறார். நேற்றுச் சுட்டதைப் பம்புக்குக் கேஸ்கெட்டாகப் போட்டால் பத்து வருடம் ஒழுகாது. அவரிடம் அரை மணி நேரம் பேசுகிறாள். என்னிடம் ஃபோனைக் கொடுத்தால் "ம்" என்கிறாள். நானும் டிக்கெட் என்கிறேன். அப்பா முப்பது வருடம் எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் ஆள் கணக்குப் போட்டவர், தெரியுமே. காலண்டரில் செப்டம்பர் 22-லிருந்து ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பில் "லீ" என்று எழுதி வைத்திருக்கிறார். என்ன இது என்றேன். "லீவு. ஆப்சென்ட்டுன்னு போட்டா பேரை அடிச்சிருவாங்க கண்ணு. லீவுன்னா பேரு ரோல்ல இருக்கும்" என்றார். என் சட்டைப்பையில் இன்னும் அந்த எலுமிச்சம்பழம் கிடக்கிறது, அவள் கிளம்பிய அன்றைக்குக் கொடுக்க எடுத்து வைத்தது. காய்ந்து கோலிக்குண்டு மாதிரி ஆகிவிட்டது. துவைக்கும்போது எடுத்து வைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்கிறேன். இதற்குக் காரணம் கேட்க வேண்டாம். காரணக் கட்டம் நிரப்புவதில் நான் மோசம் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது.

ஆகவே தங்களிடம் பணிவாகக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், அக்டோபர் 22-க்குள் அவள் இந்திய மண்ணில் கால் வைக்கும்படி தாங்கள் ஆவன செய்ய வேண்டும். உங்கள் எலும்பு முறிவு "விசேஷ காரணம்" என்பதில் வருகிறது. அதற்கு ஆஸ்பத்திரிச் சான்றிதழ் வேண்டும். சிங்களத்தில் இருந்தால் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்பவும். மாவுக்கட்டின் புகைப்படம் ஒன்று, பின்னால் காலண்டர் தெரிகிற மாதிரி. மாவுக்கட்டின்மேல் பேரப்பிள்ளைகள் பூப்படம் வரைந்திருந்தால் அந்தப் பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளவும். மிக முக்கியமாக, பஸ் ஸ்டாண்டில் சொன்னது வாய் தவறி வந்ததுதானா என்று நான் கேட்டதாகத் தெரியாமல் அவளிடம் கேட்டு எழுதவும். வாய் தவறி என்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். இல்லையென்றாலும் எழுதுங்கள்.

உங்கள் கை எலும்பு வெல்டிங் வைத்த மாதிரி கூடி வரவும், மழையில் லயத்துப் படி வழுக்காமல் இருக்கவும் வேளாங்கண்ணி மாதா துணை. எட்டு வருடத்துக்கு முன் நீங்கள் எல்லாரும் யாத்திரை வந்த பஸ்ஸுக்கு அங்கேதான் நான் டைனமோ மாட்டிக் கொடுத்தேன். டிரைவரை நான் திட்டியதைக் கேட்டு ஜன்னலோரம் ஒருத்தி சிரித்தாள். அத்தனை தொந்தரவுக்கும் அதுதான் ஆரம்பம். அப்பா தம் வணக்கத்தையும் தம் ரொட்டியின் வணக்கத்தையும் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்,
பெ. கிங்ஸ்டன், மின்னியல் பட்டயம்.

பின்குறிப்பு: அக்டோபர் 15, புதன்கிழமை, பகல் 11 மணி 15 நிமிடம். இருபத்து மூன்றாவது நாள்.

நேற்று இதை உறையில் போட்டு ஒட்டித் தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் நீட்டினேன். எத்தனை நாளில் போகும் என்றேன். பன்னிரண்டு நாள், பதினைந்து நாள் ஆகலாம் என்றார்கள். எட்டு நாள் கெடு வைத்துப் பதினைந்து நாள் போகிற கடிதம் எழுதியிருக்கிறேன். டிப்ளமோ முதல் வகுப்பு. கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன்.

வந்து பீரோவைக் குடைந்தேன். கல்யாணத்தின்போது எடுத்த என் பாஸ்போர்ட் இருந்தது, இன்னும் தேதி முடியவில்லை, ஒரு முத்திரைகூட விழாமல் புத்தம் புதிதாக. உங்கள் நாட்டுக்கு வர ஆன்லைனில் விசா போட உட்கார்ந்தேன். அஞ்சு நிமிஷ வேலை என்று ஃபெபியிடம் சொன்னேன் அல்லவா? மூன்றே கால் மணி நேரம் ஆயிற்று. பெயர் கேட்டது, போட்டேன். குடும்பப் பெயர் கேட்டது, எனக்கு ஏது? அப்பா பெயரைப் போட்டேன், அந்தக் கட்டத்துக்குப் பெரியநாயகம் நீளம் என்றது. புகைப்படம் பெரிது என்றது, சின்னதாக்கினேன், முகம் தெரியவில்லை என்றது. கடைசியில், வருகையின் காரணம் என்று ஒரு கட்டம். சுற்றுலா, வியாபாரம், உறவினரைப் பார்த்தல். நான் அந்தக் கட்டத்துக்கு முன்னால் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. நேரம் பார்க்கவில்லை. எத்தனை நாள் தங்குவீர்கள் என்று அடுத்த கேள்வி. அதிகபட்சம் முப்பதாம். எனக்கும் முப்பதுதான்.

இன்று காலை விசா வந்துவிட்டது. ஆகவே மேலே எழுதியது அத்தனையும், சான்றிதழ், மொழிபெயர்ப்பு, காலண்டர், அக்டோபர் 22 உட்பட, அடிக்கப்பட்டதாகக் கொள்ளவும். இந்தக் கடிதத்தை உங்கள் இடது கையில் கொடுக்கப் போவது நான்தான். நீங்கள் இந்த வரியை வாசிக்கும்போது வாசற்படியில் நின்றுகொண்டிருப்பேன். படியைப் பார்த்துக்கொண்டிருப்பேன், சிமெண்டு போட வேண்டிய படி எது என்று. இனிச் செய்யப் போவது:

1. கொட்டச்சேடு எஸ்டேட்டுக்கு ஃபோன் போட்டு, மோட்டார் பிரித்தபடியே கிடக்கட்டும், நான் லீவு என்று சொல்வது. ஆப்சென்ட் இல்லை, லீவு.

2. அப்பாவிடம் போயிட்டு வர்றேன் என்று வாய் திறந்து, சத்தமாகச் சொல்லிவிட்டுக் கிளம்புவது. மேற்கு ஜன்னல் நாலு மணிக்கு என்பதையும் சொல்வது.

3. பதினோராவது வளைவில் பஸ்ஸில் உட்கார்ந்து சும்மா இருப்பது. பையில் புதுப் பழம் இரண்டு இருக்கும், திரும்பி வருகிற பயணத்துக்கு. யார் வருகிறார்கள் என்பது பிறகு.

4. உங்கள் கை சேரும்வரை தேங்காய் துருவுவது, தண்ணீர் தூக்குவது, படியைச் சரி செய்வது. முப்பது நாளும் தேவைப்பட்டால் முப்பது நாளும்.

5. விண்ணப்பத்தின் காரணக் கட்டத்தை அழித்து, வெற்றாக ஃபெபி முன்னால் வைப்பது. அவள் எதையாவது எழுதினாலும் சரி, எழுதாமல் மடித்து வைத்தாலும் சரி, நான் பேனாவை எடுக்காமலும் எட்டிப் பார்க்காமலும் இருப்பது. பன்னிரண்டு மாதமும் முதலிலிருந்து ஆரம்பமானால் ஆகட்டும். எலுமிச்சம்பழம் ஏற்காட்டில் விளைகிறது.

6. திரும்புகிற நாளில் அவளும் என்னோடு கிளம்பினால், வண்டியில் ஏறும்போது அவள் உங்களிடம் என்ன சொல்கிறாள் என்று காது கொடுத்துக் கேட்பது. "போறேன்" என்று சொன்னால் பெட்டியைக் கீழே இறக்கிவிடுவது. "வாரேன்மா" என்று உங்களிடம் சொல்லும்வரை வண்டியை எடுக்க விடுவதில்லை.